காமா வெள்ளத்துக்கு நடுவே நியூட்ரானை எண்ணுவது: டிடெக்டர் தேர்ந்தெடுத்த அனுபவம்

வேலை கேட்பதற்கு எளிமையாகத்தான் இருந்தது. ஓர் அறை. அதில் பாலிஎத்திலீன் கவசத்துக்குள் ஓர் அமெரிசியம்-பெரிலியம் நியூட்ரான் மூலம். அதே அறையின் இன்னொரு பக்கம் சீசியம்-137 காமா மூலம். அதன் மூடியைத் திறந்து பொருள்களைக் கதிர்வீச்சில் வைப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது மூன்று இடங்களில் (தூர மூலை, அறையின் நடு, சீசியத்துக்கு மிக அருகே) நியூட்ரான் டோஸ், அதாவது உடல் வாங்கும் கதிர்வீச்சு, எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

கையில் ஏற்கெனவே ஒரு நியூட்ரான் சர்வே மீட்டர் இருந்தது. சீசியம் மூடியிருக்கும்போது அது ஓர் எண்ணைக் காட்டியது. திறந்ததும் எண் கூடியது. இதுதான் என்னை உட்கார வைத்தது. சீசியத்தின் காமாவுக்கு ஆற்றல் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (இனி கே.இ.வி.). காமாவால் நியூட்ரானைப் பிய்த்தெடுக்க மிக எளிதான அணுக்கரு பெரிலியம், அதற்கே 1.67 மெகா எலக்ட்ரான்வோல்ட் (எம்.இ.வி.) வேண்டும். அதனால் சீசியத்தைத் திறப்பதால் அறையில் ஒரு நியூட்ரான்கூடக் கூடியிருக்க வழியில்லை. மீட்டர் எண்ணியது காமாவை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், காமாவை நியூட்ரானாக எண்ணுவது சின்னத் தவறு இல்லை. 2007-ல் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் தந்த பரிந்துரைப்படி, காமாவுக்கு எடைக்காரணி (ஒரே அளவு ஆற்றல் உடலுக்கு எவ்வளவு தீங்கு தரும் என்பதைக் குறிக்கும் எண்) 1. நியூட்ரானுக்கு அது ஆற்றலைப் பொறுத்து 2.5-லிருந்து ஏறக்குறைய 20 வரை போகும், 1 எம்.இ.வி. பக்கத்தில்தான் உச்சம். நியூட்ரானுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வெப்ப நியூட்ரான் (வேகம் மிகவும் தணிந்தது) வந்தால் சுற்றுப்புற டோஸ் சுமார் 10 பிக்கோசீவர்ட் (டோஸின் மிகச் சிறிய அலகு), 1 எம்.இ.வி. நியூட்ரான் வந்தால் சுமார் 416. நாற்பது மடங்கு. எண்ணிக்கை சரியாக இருந்தாலும், எதை எண்ணினோம் என்பது தெரியாவிட்டால் டோஸ் தப்பாகிவிடும்.

காமாவே இல்லாத நியூட்ரான் புலம் என்று ஒன்று கிடைக்காது என்பதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிசியம்-பெரிலியம் மூலமே 4.44 எம்.இ.வி. காமாவைத் தருகிறது. நியூட்ரானை நிறுத்த வைத்த பாலிஎத்திலீனில் ஹைட்ரஜன் நியூட்ரானைப் பிடித்தால் 2.22 எம்.இ.வி. காமா வரும். அதைக் குறைக்க போரான் கலந்தால் 478 கே.இ.வி. காமா. காட்மியம் தகடு வைத்தால் அதுவும் பிடித்துவிட்டுக் காமாவை உமிழும். கவசம் போடப் போட காமாவின் முகம்தான் மாறுகிறது.

மேசைமேல் எடுத்து வைத்தவை: ஹீலியம்-3 நிரப்பிய விகிதசமக் குழாய்கள் (உள்ளே விழும் ஆற்றலுக்கு ஏற்ற உயரத்தில் மின்துடிப்பு தருபவை) இரண்டு, பழைய போரான் டிரைஃபுளூரைடு குழாய் ஒன்று, சைலீன் அடிப்படையிலான திரவ சிண்டிலேட்டர் (கதிர் பட்டால் ஒளிரும் திரவம்) ஒன்று, குமிழி டிடெக்டர்கள் சில, லித்தியம் ஃபுளூரைடு டிஎல்டி வில்லைகள் (வாங்கிய கதிர்வீச்சைச் சேமித்து, சூடாக்கினால் ஒளியாகக் காட்டுபவை). லித்தியம் கண்ணாடியும் ஒன்று இருந்தது. அதில் வெப்ப நியூட்ரான் தரும் ஒளி, சுமார் 1.6 எம்.இ.வி. காமா தரும் ஒளிக்குச் சமம். சீசியம் அந்த உயரத்தை எட்டாது. ஆனால் எங்கள் அறையிலேயே 2.22-ம் 4.44-ம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதை உடனே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் ஹீலியம்-3 குழாய். எல்லோரும் முதலில் கைநீட்டுவது இதைத்தான், காரணமும் உண்டு. வெப்ப நியூட்ரானைப் பிடிக்க அதற்கு 5330 பார்ன் குறுக்குவெட்டு, அதாவது பிடிக்கும் வாய்ப்பு மிகப் பெரிது. பிடித்ததும் ஒரு புரோட்டானும் ஒரு டிரைட்டானும் (டிரிட்டியத்தின் அணுக்கரு) எதிரெதிரே பறக்கும். புரோட்டானுக்கு 573 கே.இ.வி., டிரைட்டானுக்கு 191, கூட்டினால் 764. ஒரு காமா குழாய்ச் சுவரில் தட்டிவிடும் எலக்ட்ரானோ, மெல்லிய வாயுவைக் குறுக்கே கடந்து போகும்போது பொதுவாகச் சில கே.இ.வி.-யிலிருந்து சில பத்து கே.இ.வி. வரைதான் விட்டுவிட்டுப் போகும். 764-க்கும் 20-க்கும் நடுவே கோடு கிழிப்பது கஷ்டமா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வேகமான நியூட்ரானைத் தணிக்கக் குழாயை பாலிஎத்திலீன் உருளைக்குள் செருகி, ப்ரீஆம்ப்ளிஃபையரை (சிறு துடிப்பை முதலில் பெருக்கும் கருவியை) அதன் வாலிலேயே பொருத்தி, நீளமான கேபிளைச் சுவர்த் துளை வழியாக வெளியே கொண்டுவந்தேன். சீசியம் திறந்திருக்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ப்ரீஆம்ப்ளிஃபையரை வெளியே வைத்தால் உயிருக்கு நல்லது, சிக்னலுக்குக் கெட்டது. நீள கேபிளின் கொள்ளளவு சிறு துடிப்புகளை நசுக்கிவிடும். அதனால் அது உள்ளேயே இருந்தாக வேண்டும்.

நியூட்ரான் மூலம் மட்டும் இருந்தபோது வந்த நிறமாலை (எந்த உயரத்தில் எத்தனை துடிப்பு என்ற வரைபடம்) பார்க்க அவ்வளவு அழகு. வலது பக்கம் 764-ல் கூரான சிகரம். அதிலிருந்து இடப்பக்கம் ஒரு மேடு, 573-ல் ஒரு படி இறங்கி, 191-ல் இன்னொரு படி. புரோட்டான் சுவரில் மோதி மீதி ஆற்றலை இழந்தால் டிரைட்டானின் 191-ஆவது மிஞ்சும். டிரைட்டான் மோதினால் 573-ஆவது மிஞ்சும். அதனால்தான் இந்தப் படிகள். 191-க்குக் கீழே ஏறக்குறையக் காலியான ஒரு பள்ளம், அதற்கும் இடப்பக்கம் ஓரத்தில் காமாவும் மின்னிரைச்சலும் சேர்ந்த செங்குத்துச் சுவர். எண்ணிக்கையின் கீழ்வரம்பை அந்தப் பள்ளத்துக்குள் வைக்க வேண்டும். பள்ளம் அகலமாக இருக்கும்வரை கோடு கொஞ்சம் நகர்ந்தாலும் எண்ணிக்கை மாறாது.

சரி என்று சீசியத்தைத் திறந்தோம். குழாய் இருந்த நடு இடத்தில் காமா மணிக்கு சுமார் 20 மில்லிகிரே (கிரே என்பது பொருள் வாங்கும் கதிர்வீச்சு ஆற்றலின் அலகு). திரையில் இடப்பக்கச் சுவர் அப்படியே வலப்பக்கம் சாய்ந்தது. பள்ளம் நிரம்பி, 191 படி மறைந்து, 764 சிகரமும் அகன்று தளர்ந்துவிட்டது. அரை நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வே மீட்டருக்குள் நடப்பது இதுதான். அதற்குத் திரை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு காமா 191-ஐத் தாண்டவில்லை. தாண்டவும் முடியாது. கூட்டம்தான் தாண்டியது. குழாய்க்குள் மின்துகள்கள் கம்பியை அடையச் சில மைக்ரோசெகண்ட் ஆகும். ஆம்ப்ளிஃபையரின் வடிவமைப்பு நேரத்தை (ஒரு துடிப்பைச் சேர்த்து அளக்க அது எடுக்கும் நேரத்தை) நான் 3 மைக்ரோசெகண்ட் என்று வைத்திருந்தேன். அந்தச் சாளரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு காமா துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தால், கருவிக்கு அது ஒரே பெரிய துடிப்பு. குழாயின் விவரத்தாளில் 'காமாவுக்கு உணர்வற்றது' என்று எழுதியிருப்பது பொய்யில்லை. தனி ஒரு காமாவுக்கு அது உண்மை. எத்தனை காமா சேர்ந்தால் அது உண்மையாக இருக்காது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். மேசைமேல் சின்னப் பரிசோதனை மூலத்தை வைத்து, 'பார், எண்ணவே இல்லை' என்று சொல்லும் சோதனையால் இங்கே பயனில்லை. வேலை செய்யப்போகும் இடத்தில் இருக்கும் அதே காமா அளவில் சோதிக்க வேண்டும்.

வடிவமைப்பு நேரத்தை 3-லிருந்து 0.5 மைக்ரோசெகண்டுக்குக் குறைத்தேன். துடிப்பு முழுதாகச் சேருவதற்குள் அளந்துவிடுவதால் 764 சிகரம் கூர்மை இழந்தது. துகள் எந்தத் திசையில் பறந்தது என்பதைப் பொறுத்து உயரம் மாறுகிறது. நிறமாலை அழகு போய்விட்டது. ஆனால் பள்ளம் திரும்ப வந்தது, பாதியாவது. கீழ்வரம்பை 191-க்கு மேலே, 300 பக்கம் ஏற்றினால் இன்னும் சுத்தம். அதற்கு விலையாகக் கொஞ்சம் நியூட்ரானையும் இழக்கிறோம். இழப்பது பிரச்சினை இல்லை, அதே கீழ்வரம்பில், அதே வடிவமைப்பு நேரத்தில் மறுபடி அளவுதிருத்தம் செய்தால் போதும். அளவுதிருத்தம் ஒரு அமைப்பில், அளவீடு வேறு அமைப்பில் என்று ஆகிவிடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

இந்த இடத்தில் நடுவில் ஒரு கோளாறு வந்து இரண்டு நாளைத் தின்றது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே அறிகுறி வேறு யாருக்காவது வரும்.

இரண்டு மூலங்களும் மூடியிருந்த ஓர் இரவில் பின்னணி எண்ணிக்கை எடுக்க விட்டுவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: நீண்ட நேரம் அமைதி, திடீரென்று ஒரு கொத்து, மறுபடி அமைதி. நியூட்ரான்கள் இப்படி வராது. ஒழுங்கில்லாமல்தான் வரும், ஆனால் அந்த ஒழுங்கின்மைக்கும் பாய்சான் கணக்கு என்று ஒரு கணக்கு உண்டு. கொத்துக் கொத்தாக வருவது அதில் அடங்காது. அலைக்காட்டியை இணைத்துக் காத்திருந்தேன். கொத்து வந்தது. துடிப்புகள் மிகக் குறுகலாக, சில மேலேயும் சில கீழேயும். நியூட்ரான் துடிப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் போகும். ஆக இது உயர் மின்னழுத்தக் கசிவு.

மின்னழுத்தத்தை மெதுவாகப் பூச்சியத்துக்கு இறக்கி, மின்தேக்கிகள் வடியப் பத்து நிமிடம் விட்டு, இணைப்பியைக் கழற்றினேன். வெள்ளைக் காப்புப் பகுதியில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு விரல்ரேகை. பொருத்தும்போது கையுறை போடாமல் தொட்டிருக்கிறோம். வியர்வையின் உப்பு, அதன்மேல் இரவின் ஈரம். ஆயிரம் வோல்ட்டுக்கு மேலான அழுத்தத்துக்கு அந்தப் பாதை போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்து, ஆறவிட்டு, இன்னொரு முறை துடைத்து, ப்ரீஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடினேன். மறுநாள் இரவு கொத்து எதுவும் இல்லை. பிறகு குழாயை மரக்கட்டையால் லேசாகத் தட்டியும் பார்த்தேன். உள்ளே கம்பி அதிர்ந்தால் அதுவும் துடிப்பாக வரும். வரவில்லை. இந்த இரண்டு சோதனைகளையும் முதல் நாளே செய்திருக்க வேண்டும். காமா வெள்ளத்துக்குள் போன பிறகு கசிவும் காமாவும் ஒன்றாகக் கலந்துவிடும், பிரிக்கவே முடியாது.

மறுபடி ஹீலியம்-3. இரண்டாவது குழாயைப் போட்டபோதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயம் கிடைத்தது. இரண்டு குழாய்களும் ஒரே விட்டம், 2.5 சென்டிமீட்டர், ஒரே ஹீலியம் அழுத்தம், 4 வளிமண்டலம். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டையர். ஆனால் அதே 20 மில்லிகிரே புலத்தில் இரண்டாவது குழாயின் பள்ளம் அப்படியே இருந்தது. உடலில் ஒட்டியிருந்த சீட்டை உருப்பெருக்கியால் படித்தேன். முதல் குழாயில் ஹீலியத்தோடு 2 வளிமண்டலம் ஆர்கான். இரண்டாவதில் கொஞ்சம் கரியமில வாயு மட்டும்.

ஆர்கானை வீணாகப் போடவில்லை. கனமான வாயு புரோட்டானைச் சீக்கிரம் நிறுத்தும்; சுவரில் மோதுவது குறையும்; நிறமாலை கூர்மையாகும். என் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த அந்த முதல் நிறமாலை ஆர்கானின் உபயம். ஆனால் அதே கனம் எலக்ட்ரானிடமிருந்தும் அதிக ஆற்றலைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு காமா துடிப்பும் உயரமாகிறது, கூட்டம் 191-ஐத் தாண்டக் குறைந்த பேர் போதும். நடைமுறை அனுபவத்தில் சொல்லப்படும் எல்லைகளும் இதையே காட்டுகின்றன: ஆர்கான் சேர்த்த 4 வளிமண்டல ஹீலியம்-3 குழாய் மணிக்கு 1 ராண்ட்ஜன் (காமா அளவின் பழைய அலகு) அளவுக்குத்தான் தாங்கும், அதாவது சுமார் 9 மில்லிகிரே, கரியமில வாயு சேர்த்தது அதைப் போல் பத்து மடங்கு. போரான் டிரைஃபுளூரைடும் அந்த 10 ராண்ட்ஜன் வரிசையில்தான் வரும். உட்சுவரில் போரான் பூசிய டிடெக்டர் அறை ஆயிரம் ராண்ட்ஜன் வரை. பிளவு அறை (நியூட்ரான் கனமான அணுக்கருவைப் பிளப்பதை எண்ணும் டிடெக்டர்) பத்து லட்சத்துக்கும் மேல். ஒரு பிளவின் துண்டுகள் 160 எம்.இ.வி.-க்கு மேல் கொண்டுபோகும்போது காமா கூட்டம் அதன் காலடித் தூசி. திரவ சிண்டிலேட்டர் இந்த வரிசையில் கடைசிப் பக்கம், 0.1 ராண்ட்ஜன். குழாய் வாங்கும்போது நீளத்தையும் அழுத்தத்தையும் பார்க்கிறோம். கலப்புப் புலத்துக்கு என்றால் முதலில் கேட்க வேண்டியது, கூட என்ன வாயு இருக்கிறது என்று.

சீசியத்துக்கு மிக அருகில் இருந்த மூன்றாவது இடத்தில் காமா மணிக்கு 60 மில்லிகிரே. அங்கே கரியமில வாயுக் குழாயும் லேசாகத் தடுமாறியது. சீசியம் திறந்தபோதும் மூடியபோதும் வந்த எண்ணிக்கைகளின் விகிதம் 1.00 ஆக இருக்க வேண்டும், 1.06 வந்தது. நாட்டின் எல்லையில் கதிர்வீச்சைத் தேடும் கருவிகளுக்கு மணிக்கு 10 மில்லிராண்ட்ஜன் காமாவில் இந்த விகிதம் 0.9-க்கும் 1.1-க்கும் நடுவே இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அந்த அளவுகோலில் இது தேறும். ஆனால் இங்கே அந்த ஆறு சதவீதம் காமாவிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நியூட்ரான் கணக்கில் எழுத மனம் ஒப்பவில்லை.

அப்போதுதான் பழைய போரான் டிரைஃபுளூரைடு குழாயை எடுத்தேன். போரான்-10 நியூட்ரானைப் பிடித்தால் 94 சதவீத நேரம் 2.31 எம்.இ.வி. வாயுவுக்குள் விழும், ஹீலியம்-3 தருவதைவிட மூன்று மடங்கு உயரம். மீதி 6 சதவீதத்தில் 2.79. கூட்டம் ஏறித் தாண்ட வேண்டிய சுவர் அவ்வளவு உயரம். குறை என்ன என்றால் திறன். இந்தக் குழாயின் அழுத்தம் 0.66 வளிமண்டலம்தான். விட்டத்தைக் குறுக்கே கடக்கும் வெப்ப நியூட்ரான்களில் எத்தனை பிடிபடும் என்று கணக்குப் போட்டேன்: ஹீலியம்-3 குழாயில் நூற்றுக்கு 74, இதில் 14. ஐந்தில் ஒரு பங்கு. இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தமும் கேட்கும். வாயு நச்சு, அரிக்கும் தன்மை கொண்டது. கீழே போட்டுவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆகவே எஃகுத் தாங்கியில் கட்டி, காற்றோட்டத்தை ஓட விட்டுத்தான் கையாண்டோம்.

அந்த இடத்தில் சீசியம் திறந்தும் மூடியும் எடுத்த விகிதம் 0.99. பிழை 0.02. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு சதவீதத் துல்லியத்துக்குப் பத்தாயிரம் எண்ணிக்கை வேண்டும், இதற்குக் குறுக்குவழி இல்லை. ஆனால் காத்திருந்தால் கிடைக்கும் பதில் நியூட்ரானுடைய பதில். திறன் மிகுந்த குழாய் சீக்கிரம் தந்த பதிலில் யாருடைய பங்கு எவ்வளவு என்று தெரியாது. ஒரே ஓர் எச்சரிக்கை: மிக அதிகமான காமாவில் நெடுநேரம் விட்டால் போரான் டிரைஃபுளூரைடு மூலக்கூறுகளே உடைந்து நிறமாலை கெடும், சில சமயம் நிரந்தரமாக. வேலை முடிந்ததும் மின்னழுத்தத்தை இறக்கி வெளியே எடுத்துவிட வேண்டும்.

திரவ சிண்டிலேட்டருக்கு முதல் இடத்தில், காமா மணிக்கு 0.3 மில்லிகிரே மட்டும் இருந்த தூர மூலையில், வேலை கொடுத்தேன். இது வேகமான நியூட்ரானை நேராகப் பார்க்கும். மட்டுப்படுத்தும் பாலிஎத்திலீன் தேவையில்லை. காமா தட்டும் எலக்ட்ரானும் நியூட்ரான் தட்டும் புரோட்டானும் ஒளியை வெவ்வேறு வேகத்தில் அணைய விடும். புரோட்டானின் ஒளிக்கு வால் நீளம். துடிப்பின் வாலில் உள்ள மின்னூட்டத்தை மொத்த மின்னூட்டத்தால் வகுத்து வரைந்தால் இரண்டு பட்டைகள் தெரியும். வலப்பக்கம், பெரிய துடிப்புகளில், இரண்டும் இரண்டு ஆறுகள் மாதிரி தள்ளித் தள்ளி ஓடும். இடப்பக்கம் வர வர நெருங்கி, கடைசியில் ஒரே சேறாகக் கலந்துவிடும். எங்கே கலக்கிறது என்பதுதான் இந்த டிடெக்டரின் உண்மையான கீழ்வரம்பு.

ஆற்றல் அளவுகோலைச் சீசியத்தின் காம்ப்டன் விளிம்பை (அதன் காமா எலக்ட்ரானில் மோதிச் சிதறும்போது தரக்கூடிய உச்ச ஆற்றலை) வைத்துச் சரிசெய்தேன். அது 477 கே.இ.வி. (போரான் காமாவும் ஏறக்குறைய அதே எண். நிறமாலைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது இது குழப்பும்; ஒன்று விளிம்பு, மற்றது சிகரம் என்று நினைவில் வைத்தால் போதும்.) எங்கள் அமைப்பில் பட்டைகள் 100 கே.இ.வி. எலக்ட்ரான் ஒளிக்குக் கீழே கலந்தன. புரோட்டான் அதே ஆற்றலில் எலக்ட்ரானைவிட மிகக் குறைந்த ஒளியே தரும் என்பதால், 100 கே.இ.வி. ஒளி என்பது ஏறக்குறைய 0.7 எம்.இ.வி. நியூட்ரான். அதற்குக் கீழே இது குருடு. பாலிஎத்திலீன் கவசத்தைத் தாண்டி வருகிறவை பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ளவைதான். டோஸ் மீட்டராக இதை வைக்க முடியாது. கவசத்தைத் தாண்டி இன்னும் வேகமாக வருகிறவை உண்டா என்ற கேள்விக்கு மட்டும் நல்ல சாட்சி. உண்டு என்று சொன்னது.

அதோடு ஒன்று: நடு இடத்துக்கு இதை எடுத்துப் போனபோது, இரண்டு காமா அடுத்தடுத்து விழுந்து, இரண்டாவது முதலாவதின் வால்மேல் உட்கார்ந்தது. வால் நீண்டால் நியூட்ரான் என்பதுதானே கணக்கு. காமா இரட்டைகள் அப்படியே நியூட்ரான் பட்டைக்குள் போய் விழுந்தன. இங்கேயும் அதே கூட்டம்தான், வேறு வேடத்தில். அலைவடிவத்தில் இரண்டு முகடு தெரிகிறவற்றை மென்பொருளில் ஒதுக்கலாம். ஒன்றோடொன்று ஒட்டி விழுகிறவற்றை ஒதுக்க முடியாது. அதனால் திரும்பவும் தூர மூலைக்கே கொண்டுபோனேன். இந்தத் திரவம் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவி தருவது. மின்சாதனங்கள் நிறைந்த அறையில் அதையும் மறக்கக் கூடாது. ஸ்டில்பீன் என்ற திடமான சிண்டிலேட்டர் படிகம் கிடைத்தால் அதையே எடுப்பேன்.

டிஎல்டி வில்லைகள் பற்றிச் சுருக்கமாக. லித்தியம்-6 செறிந்த வில்லை நியூட்ரானையும் காமாவையும் வாங்கும். லித்தியம்-7 வில்லை காமாவை மட்டும். கழித்தால் நியூட்ரான். காமா சின்னதாக இருக்கும்வரை இது அருமையான யோசனை. எங்கள் மூன்றாவது இடத்தில் முதல் வில்லை 1030 என்றும் இரண்டாவது 1000 என்றும் காட்டினால், ஒவ்வொன்றிலும் 3 சதவீதப் பிழை என்றால், விடை 30, பிழை 43. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. காமாவை மட்டும் அளக்க லித்தியம்-7 வில்லைகளைப் பயன்படுத்திக்கொண்டோம். அதற்கு நன்றாகவே உழைத்தன.

குமிழி டிடெக்டர்களைத்தான் நடுவராக வைத்தேன். கண்ணாடிக் குழாயில் ஒரு ஜெல், அதற்குள் கொதிநிலையைத் தாண்டியும் திரவமாகவே காத்திருக்கும் நுண்துளிகள். நியூட்ரான் தட்டும் கனமான அணுக்கரு மிகச் சிறிய இடத்தில் ஆற்றலைக் கொட்டினால் துளி வெடித்துக் கண்ணுக்குத் தெரியும் குமிழியாகும். காமாவின் எலக்ட்ரான் ஆற்றலைப் பரவலாகச் சிந்திக்கொண்டு போவதால் எத்தனை வந்தாலும் ஒரு துளியும் அசையாது. கூட்டம் சேர்ந்து ஏமாற்ற முடியாத டிடெக்டர் இது ஒன்றுதான், ஏனென்றால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. சீசியத்துக்கு மட்டும் எதிரே ஒரு மணி நேரம் வைத்தேன். எடுத்து விளக்குக்கு எதிரே சுழற்றிப் பார்த்தால் ஜெல் தெள்ளத் தெளிவு, ஒரு குமிழிகூட இல்லை. ஒரு வாரமாகத் திரைகளில் காமாவோடு போராடியவனுக்கு அந்தத் தெளிவு தந்த நிம்மதி கொஞ்சமில்லை.

ஆனால் நடுவருக்கும் குறைகள் உண்டு. 25 குமிழி எண்ணினால் பிழை 20 சதவீதம். வெப்பநிலை ஏறினால் உணர்திறன் மாறும். அறை வெப்பத்தைப் பதிவு செய்யாமல் வைத்த ஒரு தொகுப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். சாதாரண வகை சுமார் 100 கே.இ.வி.-க்குக் கீழே பார்க்காது. எனவே இது தரும் எண் குழாய் தரும் எண்ணோடு அப்படியே பொருந்தாது. சீசியம் திறந்தும் மூடியும் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் உண்மையைச் சொல்லும். மாறவில்லை. அந்த விகிதத்தோடு எந்தக் குழாய் ஒத்துப்போனதோ அதைத்தான் அந்தந்த இடத்தில் நம்பினேன்.

கடைசியாக டோஸாக மாற்றும் வேலை. கவசமில்லாத அமெரிசியம்-பெரிலியம் மூலத்துக்கு மாற்றுக் காரணி 391 பிக்கோசீவர்ட்-சதுர சென்டிமீட்டர். கவசத்துக்குப் பின்னால் வரும் நியூட்ரான்கள் அதைவிடத் தணிந்தவை. அதே எண்ணைப் போட்டால் டோஸ் கூடிவிடும். 1960-ல் பிராம்பிளெட், யூயிங், போனர் மூவரும் 2 முதல் 12 அங்குலம் வரையான பாலிஎத்திலீன் கோளங்களை வைத்து நிறமாலையைப் பிரித்த முறை இருக்கிறதே, அதன் ஏழை வடிவத்தைச் செய்தேன்: 3 அங்குலக் கோளமும் 9 அங்குலக் கோளமும் மட்டும். 3 அங்குலம் தணிந்தவற்றுக்கு அதிகம் பதில் சொல்லும், 9 அங்குலம் வேகமானவற்றுக்கு. இரண்டின் விகிதம் ஒவ்வோர் இடத்திலும் நியூட்ரான் எவ்வளவு தணிந்திருக்கிறது என்று காட்டிவிட்டது. அளவுதிருத்தத்தின்போது அறைச் சுவரில் பட்டுத் திரும்புகிறவற்றைக் கழிக்க இரும்பும் பாலிஎத்திலீனும் சேர்ந்த நிழற்கூம்பை நடுவே வைத்தேன். அளவீட்டின்போது அதை எடுத்துவிட்டேன். வேலை செய்கிறவர் மேல் சுவரிலிருந்து திரும்பி வருவதும் விழும், அதைக் கழிக்க நமக்கு உரிமையில்லை.

தூர மூலைக்கு ஆர்கான் குழாய், நடு இடத்துக்குக் கரியமில வாயுக் குழாய், சீசியம் அருகே போரான் குழாய் என்று முடிவானது. ஒவ்வொன்றின் உடலிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: கூட என்ன வாயு, வடிவமைப்பு நேரம் 0.5 மைக்ரோசெகண்ட், கீழ்வரம்பு எத்தனை கே.இ.வி., எந்தக் காமா அளவு வரை விகிதம் 1.00-ஐ விட்டு நகரவில்லை, சோதித்த தேதி. சர்வே மீட்டரின் முகப்பிலும் ஒரு சீட்டு உண்டு: சீசியம் திறந்திருக்கும்போது இதன் எண்ணை எழுதாதே, குமிழிக் குழாயைப் பார்.